மின்னூட்டப் பரிமாற்ற எக்ஸ்-கதிர் உமிழ்வு

மின்னூட்டப் பரிமாற்ற எக்ஸ்-கதிர் உமிழ்வு என்பது, மிகுந்த நேர்மின்னூட்டம் கொண்ட அயனி ஒன்று நடுநிலை அணுவிடமிருந்தோ மூலக்கூறிடமிருந்தோ எதிர்மின்னியை (எலக்ட்ரானை)ப் பறிக்கும்போது எக்ஸ்-கதிர் வெளிப்படும் நிகழ்வு ஆகும். விண்வெளியில் எக்ஸ்-கதிர் தென்பட்டால் அங்கே பல இலட்சம் பாகை வெப்பமுள்ள வளிமம் இருப்பதாகக் கருதுவதே நெடுநாள் வழக்கம். குளிர்ந்த பொருள்களைச் சுற்றியும் அது தோன்றலாம் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

நிகழும் விதம்

சூரியனின் வெளி வளிமண்டலம் 10 இலட்சம் கெல்வினுக்கும் மேற்பட்ட வெப்பநிலை உடையது. அங்குள்ள ஆக்சிசன் அணுக்களில் ஒரு பகுதி, தம் 8 எதிர்மின்னிகளில் ஏழையோ எட்டையுமோ இழந்து, சூரியக் காற்றுடன் நொடிக்கு ஏறத்தாழ 400 கி.மீ. வேகத்தில் வெளியேறுகிறது. வழியில் எதிர்ப்படும் நடுநிலை அணுவிலிருந்து எதிர்மின்னி ஒன்று அயனிக்குத் தாவும். தாவியது நேரே அடிமட்டத்திற்குச் செல்வதில்லை. உயர் ஆற்றல் மட்டமொன்றில் அமர்ந்து, பின்னர் கீழிறங்குகிறது. அடிமட்டத்தை அடையும் இறுதித் தாவலில் எக்ஸ்-கதிர் பிறக்கிறது. ஏழை இழந்த ஆக்சிசனுக்கு இதன் ஆற்றல் ஏறத்தாழ 0.56 கிலோ எலக்ட்ரான்-வோல்ட். எட்டையும் இழந்ததற்கு 0.65. இவ்வாற்றல் மோதலின் வேகத்தால் வருவதன்று. எதிர்மின்னிகளைப் பிரிக்கச் சூரியனருகே செலவான ஆற்றலே இங்கு வெளிப்படுகிறது.

வால்வெள்ளிகள்

1996 மார்ச்சில் ரோசாட் விண்கலம், ஹயாகுடாகே வால்வெள்ளியின் சூரியனை நோக்கிய பக்கத்தில் பிறை வடிவ எக்ஸ்-கதிர் ஒளிர்வைக் கண்டது. பனியும் தூசும் நிறைந்த பொருளிலிருந்து இதை எவரும் எதிர்பார்க்கவில்லை. மின்னூட்டப் பரிமாற்றமே காரணம் என்று 1997இல் தாமஸ் கிரேவன்ஸ் விளக்கினார். அது சரியெனில் நிறமாலையில் குறிப்பிட்ட அயனிகளுக்குரிய கோடுகள் தனித்தனியே தெரியவேண்டும். ரோசாட்டின் கருவிக்கு அவற்றைப் பிரித்துக் காட்டும் திறன் இல்லை. 2000 சூலையில் சந்திரா விண்வெளி ஆய்வகம் லீனியர் (சி/1999 எஸ்4) வால்வெள்ளியை நோக்கியபோது ஆக்சிசன், நைட்ரசன் அயனிகளின் கோடுகள் புலப்பட்டன.

1999இல் ஏவப்பட்ட அவ்வாய்வகம் இயற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது. அவருடைய சிற்றப்பா சி. வி. இராமன், திருச்சிராப்பள்ளியில் திருவரங்கத் தீவிலுள்ள திருவானைக்காவில் 1888இல் பிறந்தவர். நிறமாலைக் கோடுகளைக் கொண்டு மூலக்கூறுகளை இனங்காண இராமன் விளைவு வழிகோலியதை இங்கு நினைவுகூரலாம்.

வானியலில் விளைவு

புவியைச் சூழ்ந்த மெல்லிய ஐதரசன் உறையிலும், விண்மீனிடை வெளியிலிருந்து சூரியக் குடும்பத்துள் நுழையும் நடுநிலை அணுக்களிலும் இதே நிகழ்வு நடைபெறுகிறது. எனவே எந்தத் தொலைநோக்கியும் இம்மங்கிய ஒளிர்வின் ஊடாகவே வானைப் பார்க்கிறது. ரோசாட்டின் வான் அளவீட்டில் சில நாட்கள் நீடித்துப் பின் மறைந்த மிகையொளிர்வுகள் இதனால் விளங்கின. சிக்கல் அத்துடன் நிற்கவில்லை. வானெங்கும் பரவிய மென் எக்ஸ்-கதிர்ப் பின்னணி முழுவதும் இதுவேயானால், சூரியனைச் சூழ்ந்திருப்பதாகக் கருதப்பட்ட வெப்ப வளிமக் குமிழியே இல்லை என்றாகிவிடும். 2012 திசம்பரில் ஏவப்பட்ட டிஎக்ஸ்எல் ஆய்வு ஏவூர்தியின் அளவீட்டின்படி, பால்வழித் தளத்தில் 0.25 கிலோ எலக்ட்ரான்-வோல்ட் அளவிலான பின்னணியில் மின்னூட்டப் பரிமாற்றத்தின் பங்கு சுமார் 40 விழுக்காடு. எஞ்சியது அக்குமிழியிலிருந்து வருவது.