வீடும் விலையும் – 11: சுவருக்குள் குடிவந்த உப்பு

போன வாரம் வில்லங்கச் சான்றோடு நிறுத்தினோம். அதற்கு முந்தைய வாரம் மனை மட்டம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். காரைக்காலின் பிரெஞ்சுக் காலத்து நொத்தேர் (நோட்டரி) பத்திரங்களைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். தருமபுரத்தில் ஒரு சுவர் குறுக்கே வந்துவிட்டது. பத்திரம் காத்திருக்கட்டும்.

ஆதீனம் இருக்கும் தருமபுரம் மயிலாடுதுறைப் பக்கம். நான் சொல்வது காரைக்கால் நகரை ஒட்டிய தருமபுரம், சம்பந்தருக்கு யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் தாய் பிறந்த ஊர். சம்பந்தர் பாட்டு எடுபடுவதே யாழால்தான் என்று பாணரின் சொந்தக்காரர்கள் இங்கே பெருமை பேசினார்களாம். யாழுக்கு அடங்காத ஒரு பதிகத்தைச் சம்பந்தர் பாட, பாணர் யாழையே உடைக்க ஓங்கினார் என்கிறது பெரியபுராணம். இந்த ஊர்க் கோயில் சாமிக்கும் யாழ்முரிநாதர் என்று பெயர். அந்தச் சொந்தக்காரர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை கிடையாது. உள்ளே இருப்பதை விட்டுவிட்டு மேலே தெரிவதற்குப் பேரும் பணமும் கொடுக்கிற பழக்கம், பெயின்ட் விஷயத்தில் நம் வீட்டுக்காரர்களிடம் அப்படியே இருக்கிறது.

அந்தச் சுவர் உள்ள வீட்டில் மகன் பிரான்சில்; இங்கே அம்மா மட்டும். கூடத்தில் இடுப்புயரம் வரை பெயின்ட் கொப்புளித்து நின்றது. நகத்தால் நெம்பினேன். கிரீம், அதன் கீழே ரோஸ், அதன் கீழே பச்சை என்று ஏடு ஏடாக வந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால் பஞ்சு மாதிரி வெள்ளையாக உப்பு. விரலோடு செங்கல் தூளும் ஒட்டிக்கொண்டு வந்தது.

“வருஷா வருஷம் பொங்கலுக்கு அடிக்கிறோம் தம்பி. சித்திரை பொறக்கறதுக்குள்ள பொரிஞ்சி கொட்டிடுது.”

பக்கத்தில் நின்ற பெயின்டர், “இந்தத் தடவை நல்ல கம்பெனியாப் போட்டுடலாம்மா” என்றார்.

கம்பெனியில் ஒன்றும் இல்லை. காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். இந்த 75 என்ற எண் இந்த வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. ஐப்பசி மழையில் உப்பு ஜாடி கசிவதும், அதில் நாலு அரிசி போட்டு வைப்பதும் இதனால்தான். காரைக்காலில் விடியற்காலை ஈரப்பதம் 75-க்கு மேலே நிற்கும். கோடையில் மேல்காற்று அடிக்கும் மத்தியானத்தில் கீழே இறங்கும். அப்படியானால் சுவருக்குள் இருக்கும் உப்பு இரவில் கரைந்து பகலில் உறைகிறது. உறையும்போது செங்கல்லின் நுண்துளைக்குள் இடம் போதாமல் நெட்டித் தள்ளுகிறது. ஒரு சொட்டு மழை பெய்யாமலே, குழாய் எதுவும் ஒழுகாமலே சுவர் ஈரமாக இருப்பதன் ரகசியம் இதுதான். ‘எங்கேயோ பைப் லீக்’ என்று தரையை உடைத்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

மொகஞ்சதாரோவின் செங்கற்களை இன்று அரித்துக்கொண்டிருப்பதும் உப்புதான். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் பத்திரமாகக் கிடந்தவை, வெளியே எடுத்த பிறகு நிலத்தடி உப்பு ஏறிப் பொடிகின்றன. 1974-இல் யுனெஸ்கோ உலக அளவில் நிதி திரட்டி அதோடு மல்லுக்கட்டத் தொடங்கியது. தருமபுரத்து அம்மாவிடம் இருப்பது அதே வியாதி, யுனெஸ்கோ இல்லை.

இப்போது பொங்கலுக்கு வருவோம். நமக்கு மழை வடகிழக்குப் பருவத்தில். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. சுவர் வருஷத்திலேயே அதிகம் ஈரம் குடித்து நிற்கும் நேரம் மார்கழிக் கடைசி. சரியாக அப்போதுதான் நாம் பிரஷ்ஷைத் தூக்குகிறோம். தாத்தா காலத்தில் இதில் தப்பில்லை. அவர் அடித்தது சுண்ணாம்பு. ஈரம் அதன் வழியாக வெளியே போய்விடும். சுண்ணாம்பு பொடிந்து உதிர்ந்தாலும் செலவு கொஞ்சம், அடுத்த தைக்கு இன்னொரு பூச்சு. நாம் பண்டிகையை வைத்துக்கொண்டு பூச்சை மாற்றிவிட்டோம். பட்டி, பிரைமர், மேலே பளபளக்கும் எமல்ஷன் என்று ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். வழி அடைத்த ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது. முழங்கால் உயரத்தில் இருந்த கறை இடுப்புக்கு வருவது இப்படித்தான். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசுவது இதைவிட மோசம். வடக்கே தரங்கம்பாடியில் டேனியர் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை, கடல் முகத்திலேயே நிற்கிறது. சுண்ணாம்புக் காரையில் எழுந்தது அது.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு உப்பு தண்ணீரிலேயே வந்துவிடும். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரை விடுகிறது. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே இருப்பது கம்பியின் துரு. இரும்பு துருப்பிடித்தால் இரண்டு மடங்குக்கு மேல் பருக்கும், கான்கிரீட்டைப் பிளக்கும். அதே விதி, கடலோரக் காற்று நேரே படும் கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவரிங் கேட்கிறது. மேஸ்திரி ஒரு ஜல்லியைக் கம்பிக்கு அடியில் செருகிவிட்டு “கவரிங் ஆச்சு சார்” என்பார். அளவுநாடாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். உப்பு மணல் வழியாகவும் வரும்: 2013-இல் சீனாவின் ஷென்ஜென் நகரில் கழுவாத கடல் மணலைக் கட்டடத்தில் கலந்த விவகாரம் வெடித்து, வானுயரக் கட்டடங்களின் வேலையே நின்றது.

சுவரில் உப்பு ஏறிவிட்டவர்களுக்கு: முதலில் வெளியே போய்ப் பாருங்கள். தெருவுக்கு மேல் தெரு போட்டு மட்டம் ஏறி, உங்கள் டிபிசி (சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு) மண்ணுக்குக் கீழே போயிருக்கலாம். மண்ணை வெட்டித் தள்ளுங்கள், மழைத் தண்ணீருக்கு வாட்டம் கொடுங்கள். பிறகு உப்புக் கோட்டுக்கு ஓர் அடி மேலே வரை பூச்சைக் கொத்தி எடுத்து, வெளிவரும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளி வீட்டுக்கு வெளியே போடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கரைந்து உள்ளேயே போய்விடும். சுவர் காய்வதற்கு அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். அவ்வளவு பொறுமை யாருக்கும் இல்லை என்பதால்தான் பட்டி வியாபாரம் நடக்கிறது. காய்ந்த பிறகு சுண்ணாம்புப் பூச்சு. அதன்மேல் சுண்ணாம்போ ஈரத்தை வெளியே விடும் பெயின்ட்டோ.

இவ்வளவும் எதற்கு? நம் பக்கத்தில் பழைய வீட்டை விலை பேச வருகிறவருக்கு விவரம் தெரிந்திருந்தால், மார்பிளைப் பார்க்க மாட்டார். பீரோவை ஒரு முழம் நகர்த்தச் சொல்வார். அடிச்சுவர் மூன்றடியை மறைத்துப் புதிதாக டைல்ஸோ பிவிசி பலகையோ ஒட்டியிருந்தால் விரலால் தட்டுவார், ‘டொக்’கென்றால் பேரத்தை அங்கேயிருந்து தொடங்குவார். நீங்கள் வாங்கப் போனாலும் அதையே செய்யுங்கள், அதுவும் கார்த்திகையில் போய்ப் பாருங்கள்.

தருமபுரத்து அம்மாவிடம் இந்தப் பொங்கலுக்கு வாசல் பக்கம் மட்டும் சுண்ணாம்பு அடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். “கூடம் மூளியா நின்னா பார்க்கறவங்க என்ன சொல்லுவாங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்கப்போகும் சொந்தக்காரர் எவரும் பெயின்ட் காசு தரப்போவதில்லை.

அடுத்த வாரம் நொத்தேர் பத்திரம். உங்கள் வீட்டில் பிரெஞ்சில் எழுதிய பழைய பத்திரம் இருந்தால், லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.