எந்த ஃபைனல் கடைசி ஃபைனல்?

2006-ல் நான் சேர்ந்த சிறிய மென்பொருள் குழுவில் ஆவணம் என்றால் பொது டிரைவில் கிடந்த வேர்ட் கோப்புகள்தான். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘லேட்டஸ்ட் ஃபைனல்’. சர்வர் நின்றுவிட்டால் அவற்றை யாரும் திறப்பதில்லை. மூத்த அண்ணன் ஒருவரைக் கூப்பிடுவோம். அவர் வேலையை விட்டுப் போன வாரமே ஓர் இரவு முழுக்க சர்வர் படுத்துவிட்டது. சர்வரைக் கிளப்பும் குறிப்பை அவர் எழுதித்தான் வைத்திருந்தார். நாலு பிரதிகளில் எது சரியானது என்றுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு டோக்குவிக்கி போட்டோம். ஆண்ட்ரியாஸ் கோர் 2004-ல் வெளியிட்ட திறமூல மென்பொருள். டேட்டாபேஸ் வேண்டாம், ஒவ்வொரு பக்கமும் வெறும் டெக்ஸ்ட் கோப்பு. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதும் பதிவாகும். தமிழில் தலைப்பு வைத்தபோதுதான் இடறியது. கோப்புப் பெயரில் தமிழ் எழுத்துகளை அது சதவீதக் குறியும் எண்களுமாக மாற்றிவிடும். ‘கோ’ ஒன்றுக்கே 18 இடம் போகும். லினக்ஸில் பெயரின் எல்லை 255. நீளமான தலைப்புகள் எப்படி உள்ளே போகும்? அமைப்பில் யூடிஎஃப்-8 என்று மாற்றியதும் தீர்ந்தது. பக்கங்கள் குவியும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

இன்று எங்களிடம் இருப்பது 2015-ல் தொடங்கிய புக்ஸ்டாக். அலமாரி, புத்தகம், அத்தியாயம், பக்கம் என்ற அடுக்கு கணக்குப் பிரிவினருக்கும் உடனே பிடிபட்டது. குறியீடு எதுவும் கற்காமல் எழுதுகிறார்கள். ஆனால் டேட்டாபேஸ் உண்டு. அதையும் படங்களையும் சேர்த்தே பேக்கப் எடுக்க வேண்டும். நிரலர் மட்டுமே உள்ள குழுவென்றால் மார்க்டவுன், கிட், எம்கேடாக்ஸ் போதும் என்பேன்.

உரிமத்தையும் படித்துப் பாருங்கள். அவுட்லைன் அழகான மென்பொருள், மூலநிரலும் பார்வைக்குத் திறந்தே இருக்கிறது. ஆனால் அதன் பிஎஸ்எல் (பிசினஸ் சோர்ஸ் லைசென்ஸ்) திறமூல உரிமம் ஆகாது. தேர்வு செய்யும்போது நான் முதலில் பார்ப்பது, எழுதியதையெல்லாம் வெளியே எடுக்க முடியுமா என்பதைத்தான். டோக்குவிக்கியிலிருந்து நாங்கள் சுலபமாக மாற முடிந்ததே பக்கங்கள் டெக்ஸ்ட் கோப்புகளாக இருந்ததால்தான்.

அண்ணனின் சர்வர் குறிப்பும் அப்படியே இடம்மாறி வந்தது. போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர், நள்ளிரவில் அதைப் பார்த்தே சர்வரைக் கிளப்பினார். பழசாகிப்போயிருந்த மூன்றாம் வரியை அப்போதே திருத்தியும் வைத்தார்.