உறைபனி குறிக்கும் வாடகைத் தேதி

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஏரிக்கரைக் கேம்ப்கிரவுண்டில் டிரெய்லரை நிறுத்திவிட்டு, கோடை முழுக்க வார இறுதிகளை அங்கேயே கழிப்பவர்கள் ஏராளம். மாத வாடகை இல்லை, சீசனுக்கு ஒரே கட்டணம். சீசன் பெரும்பாலும் மே மாதம் தொடங்கி, அக்டோபரில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறையோடு முடிந்துவிடும்.

அந்தத் தேதியை வைப்பது தண்ணீர்க் குழாய்தான். உறையும் தண்ணீரின் பருமன் சுமார் 9 சதவீதம் கூடும், குழாய் வெடித்துவிடும். அதனால் குளிர் முற்றுவதற்குள் கேம்ப்கிரவுண்டுக்காரர் தண்ணீரை அடைத்து, குழாய்களை வடித்துவிடுவார். டிரெய்லர்காரருக்கும் வேலை உண்டு. தொட்டியைக் காலி செய்து, பம்ப் வழியாக இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸை ஏற்றுவார். ஒவ்வொரு குழாயாகத் திறந்து, இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்ததும் மூடவேண்டும். வெளிப்பக்கத்து ஷவரை மறந்தால் வசந்தத்தில் தரையெல்லாம் ஈரம். இந்த ஆன்டிஃப்ரீஸ் புரோப்பிலீன் கிளைகால். கார் ரேடியேட்டருக்கு வழக்கமாக ஊற்றும் எத்திலீன் கிளைகால் நஞ்சு. குடிநீர்க் குழாய்ப் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது.

டிரெய்லரை அங்கேயே விட்டுப் போவதா, இழுத்துக்கொண்டு போவதா என்று முடிவெடுக்கும் வேளை இதுதான். அடுத்த ஆண்டுக்கான முன்பணத்தைப் பல இடங்களில் இப்போதே கேட்பது அதனால்தான். மீதியை வசந்தத்தில் கட்டலாம். இடையில் விலகினால் முன்பணம் பெரும்பாலும் திரும்பி வராது. கறார்தான், ஆனால் ஜூலையில் காலியாகும் இடத்துக்கு முழுச் சீசன் ஆளை எங்கே தேடுவது?

மின்சாரம் பெரும்பாலும் தனிக் கணக்கு. 120 வோல்ட், 30 ஆம்பியர் இணைப்பில் கிடைப்பது 3,600 வாட். ஏசி ஓடும்போது கெட்டிலையும் மைக்ரோவேவையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். மீட்டர் பார்த்து பில் போடும் இடங்களில், அதற்கென்று ஒரு முன்பணமும் கேட்பதுண்டு.

மாத வாடகை வீடென்றால், ஒன்டாரியோவின் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்க முடியாது. சீசனுக்கு மட்டும் தங்கும் கேம்ப்கிரவுண்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தான் பேசும். டிரெய்லரை விற்றால் வாங்குபவருக்கு இடமும் சேர்ந்து போகுமா என்பதை அதில் முதலில் பாருங்கள். டிரெய்லர்தான் உங்களுடையது, இடம் கேம்ப்கிரவுண்டுக்காரருடையது.