72 மணி நேரத்துக்குள் ஒரு மாத்திரை

எச்.ஐ.வி. உடலுக்குள் நுழைந்த நொடியிலேயே ஒருவர் எச்.ஐ.வி. தொற்றாளர் ஆகிவிடுவதில்லை. வைரஸ் நுழைவது வேறு, குடியேறுவது வேறு. இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம் முதல் சில நாட்கள் வரை இடைவெளி இருக்கிறது. அதற்குள் சரியான மாத்திரையைத் தொடங்கிவிட்டால், நுழைந்த வைரஸ் குடியேற முடியாமலே அழிந்துபோக நல்ல வாய்ப்பு உண்டு. விலங்குச் சோதனையில் இது தெளிவாகி முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் தேவைப்படும் வேளையில் இந்தச் செய்தி பலருக்குத் தெரிவதில்லை.

ஆணுறை கிழிந்திருக்கலாம், அணியாமலே இருந்திருக்கலாம். விருப்பத்தோடு நடந்த உறவாக இருக்கலாம், வன்முறையாகவும் இருக்கலாம். மறுநாள் காலையில் பயம் வந்து நெஞ்சை அடைக்கிறது. யாரிடமும் சொல்ல முடியாமல், இரவெல்லாம் செல்போனில் அறிகுறிகளைத் தேடிப் படித்தபடி இரண்டு மூன்று நாட்களைக் கழித்துவிடுகிறார்கள். மருந்து வேலை செய்யக்கூடிய நாட்கள் அவைதான். அந்த நாட்களில் உடலுக்குள் நடப்பது என்னவென்று தெரிந்துகொண்டால், அடுத்து என்ன செய்வது என்பதும் விளங்கிவிடும்.

நுழைவும் குடியேற்றமும்

எச்.ஐ.வி. ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். மனிதனிடம் சுமார் 20,000 மரபணுக்கள் இருக்க, இதனிடம் இருப்பவை ஒன்பதே. தன்னைத் தானே பெருக்கிக்கொள்ள இதனால் முடியாது. அதற்கு நம் நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த சி.டி.4 அணுக்கள் வேண்டும். உடலுறவின்போது வரும் வைரஸ்களில் மிகப் பெரும்பாலானவை அந்த அணுக்களை எட்டுவதே இல்லை. பிறப்புறுப்பின் சளிப்படலமும் தோலும் அவற்றைத் தடுத்துவிடுகின்றன. புண்ணோ சிராய்ப்போ இருந்தால் தடுப்பு பலவீனமாகும். அப்போதும் தப்பிப் பிழைப்பவை மிகச் சில. ஆண் பெண் உறவின் வழியாகத் தொற்றியவர்களின் ரத்தத்திலுள்ள வைரஸின் மரபணு வரிசையை ஆராய்ந்தபோது வியப்பான ஒன்று தெரியவந்தது. நான்கில் மூன்று பேருக்கு மேல், உடலிலுள்ள கோடிக்கணக்கான வைரஸ்கள் எல்லாமே உள்ளே வந்த ஒரே ஒரு வைரஸின் வாரிசுகளாக இருந்தன.

அந்த ஒற்றை வைரஸ் சி.டி.4 அணுவின் மேலுறையைப் பற்றிக்கொண்டு உள்ளே இறங்குகிறது. இதன் மரபுச்செய்தி ஆர்.என்.ஏ. வடிவில் இருக்கிறது. நம்முடையதோ டி.என்.ஏ. அதனால் வைரஸ் முதலில் தன் ஆர்.என்.ஏ.வைப் பார்த்து ஒரு டி.என்.ஏ. படியை எழுதிக்கொள்ள வேண்டும். இந்த வேலையைச் செய்யும் நொதிக்கு ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்று பெயர். டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ.வுக்குத்தான் செய்தி போகும் என்று உயிரியலாளர்கள் நம்பியிருந்த காலத்தில், எதிர்த்திசையிலும் போகும் என்று 1970இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே கண்டறிந்தார்கள். 1975இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எச்.ஐ.வி. என்ற வைரஸே அறியப்பட்டது 1983இல்தான். அதன் முக்கியமான கருவியைப் பற்றிய அறிவு பதிமூன்று ஆண்டுகளுக்கு முன்பே தயாராக இருந்தது.

படி எழுதி முடிந்ததும் இன்டெகிரேஸ் என்ற இன்னொரு நொதி நம் குரோமோசோமை வெட்டி, வைரஸின் டி.என்.ஏ.வை அதற்குள் ஒட்டிவிடுகிறது. குடியேற்றம் என்பது இதுதான். இதற்குப் பின் வைரஸின் மரபுச்செய்தி அந்த அணுவின் சொந்த மரபுச்செய்தியோடு கலந்துவிடும். அணு உயிரோடு இருக்கும்வரை அதுவும் இருக்கும். அதை வெட்டி எடுக்கும் மருந்து இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஆயுள் முழுக்க மாத்திரை எடுக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

ஆனால் தொடக்கத்தில் வைரஸ் நுழைந்த இடத்துத் திசுவில் சில அணுக்களுக்குள் மட்டுமே இருக்கிறது. அங்கிருந்து அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் போய், பெருகி, ரத்தம் வழியாக உடலெங்கும் பரவ நாட்கள் ஆகும். மருந்து வேலை செய்வது இந்த அவகாசத்தில்தான்.

கொக்கி இல்லாத பெட்டி

மருத்துவர்கள் ‘பெப்’ என்று சொல்லும் இந்தத் தடுப்பு சிகிச்சையில் இந்தியாவில் இன்று தரப்படுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் ஆகிய மூன்று மருந்துகள். மூன்றும் ஒரே மாத்திரையில் கிடைக்கின்றன. நாளுக்கு ஒன்று, 28 நாட்கள்.

டெனோஃபோவிரின் வேலை நுட்பமானது. டி.என்.ஏ. எழுதப்படுவதை ரயில் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போவதாக நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் ஒரு கொக்கி, பின்னால் ஒரு கொக்கி. டெனோஃபோவிர் பார்வைக்கு நல்ல பெட்டி போலவே இருக்கும், ஆனால் பின்கொக்கி கிடையாது. வைரஸின் நொதி ஏமாந்து அதை எடுத்துக் கோத்துவிட்டால் அடுத்த பெட்டியை மாட்ட முடியாது. படி பாதியிலேயே நின்றுபோகும். லாமிவுடினும் அதே வழியில் தடுக்கிறது. இரண்டையும் மீறி ஒரு படி முழுமையாக எழுதப்பட்டாலும், அது குரோமோசோமில் ஒட்டாதபடி டோலுடெகிராவிர் இன்டெகிரேஸை முடக்கிவிடுகிறது.

டெனோஃபோவிரை உருவாக்கியவர் பிராகா நகரின் வேதியியலாளர் அன்டோனின் ஹோலி. பெல்ஜியத்தின் எரிக் டி கிளர்க்கோடு சேர்ந்து பல ஆண்டுகள் இவ்வகை மூலக்கூறுகளை ஆராய்ந்தவர். தொற்று வருமுன் தினமும் எடுக்கும் தடுப்பு மருந்தாக டெனோஃபோவிர் கலந்த ட்ருவாடா மாத்திரைக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்தது 2012 ஜூலை 16 அன்று. ஹோலி காலமானதும் அதே நாளில்தான்.

குரங்குகள் சொன்ன கணக்கு

72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 28 நாள் எடுக்க வேண்டும் என்ற கணக்குகளுக்குப் பின்னால் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சே-சுங் சாய் குழுவினர் மக்காக் குரங்குகளிடம் செய்த ஆய்வுகள் இருக்கின்றன. எச்.ஐ.வி.க்கு உறவான எஸ்.ஐ.வி. வைரஸைக் குரங்குகளுக்குச் செலுத்திவிட்டுப் பிறகு டெனோஃபோவிரைக் கொடுத்தார்கள். அது தொற்றைத் தடுத்ததை 1995இல் அறிவித்தார்கள். 1998இல் வெளியான தொடர் ஆய்வு இன்னும் தெளிவானது. 24 மணி நேரத்தில் தொடங்கி 28 நாட்கள் மருந்து பெற்ற குரங்குகள் அனைத்தும் தப்பின. அதே 24 மணி நேரத்தில் தொடங்கி 10 நாளில் நிறுத்தியபோது பாதிதான் தப்பின. 3 நாளில் நிறுத்தியபோது ஒன்றுகூட முழுமையாகத் தப்பவில்லை. 48 மணி நேரம், 72 மணி நேரம் என்று தொடக்கம் தள்ளிப்போகப் போக, பாதுகாப்பும் குறைந்தது.

மனிதர்களிடம் இப்படிச் சோதிக்க முடியாது. ஆபத்தில் இருப்பவருக்கு வேண்டுமென்றே மருந்தை மறுப்பது அறமல்ல. ஆனால் ஊசி குத்திக் காயம்பட்ட மருத்துவப் பணியாளர்களின் பதிவுகளை ஒப்பிட்ட ஆய்வொன்று 1997இல் வெளியானது. சைடோவுடின் என்ற ஒரே பழைய மருந்தை எடுத்தவர்களுக்கே தொற்று வாய்ப்பு 81 சதவீதம் குறைந்திருந்தது. இன்றைய மூன்று மருந்துக் கூட்டு அதைவிட வலிமையானது.

ஆகவே 72 மணி நேரம் என்பது கடைசி எல்லை. அதுவரை காத்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் மாத்திரை சில மணி நேரத்துக்குள் உள்ளே போனால் மிக நல்லது. தொடங்கிய பிறகு 28 நாளும் விடாமல் எடுக்க வேண்டும். முதல் நாளே எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி வகை, சிறுநீரகம் ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனை தேவை. ஆனால் முடிவு வரட்டும் என்று முதல் மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளும் வயிற்றெரிச்சலுக்கான ஆன்டாசிட்களும் டோலுடெகிராவிர் உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதால், அவற்றை எடுப்பவர்கள் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பயமும் ஆபத்தும் ஒரே அளவல்ல

துணைக்கு எச்.ஐ.வி. இருந்து, அவர் சிகிச்சையில் இல்லாமல், ஆணுறையும் இல்லாமல் உறவு நடந்தால் ஆபத்து எவ்வளவு? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீட்டின்படி, அப்படிப்பட்ட 10,000 உறவுகளில் பெண்ணுறுப்பு வழி உறவில் பெண்ணுக்கு சராசரியாக 8 முறையும் ஆணுக்கு 4 முறையும் தொற்றும். ஆசனவாய் வழி உறவில் ஏற்பவருக்கு 138 முறை, மற்றவருக்கு 11 முறை. இவை சராசரிகள். பால்வினைப் புண்கள் இருந்தாலோ, துணைக்கு அண்மையில்தான் தொற்று வந்து ரத்தத்தில் வைரஸ் பெருகியிருந்தாலோ ஆபத்து கூடும். முத்தம், கட்டியணைப்பு, ஒரே தட்டில் சாப்பாடு, கழிப்பறை, கொசுக்கடி ஆகியவற்றால் தொற்று வராது. இவற்றுக்கு மாத்திரையும் வேண்டாம்.

இந்த எண்களைக் கண்டு அலட்சியம் கொள்ளவும் கூடாது, ஒரே முறையில் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று உடைந்துபோகவும் கூடாது. மாத்திரை தேவையா இல்லையா என்பதை நடந்ததை ஒளிக்காமல் சொல்லி ஒரு மருத்துவரோடு சேர்ந்து முடிவு செய்வதே சரி.

அடுத்தது அறிகுறி வேட்டை. மறுநாளே தொண்டை வறள்கிறது, உடம்பு சுடுவதுபோல் இருக்கிறது, கழுத்தில் ஏதோ கட்டி தட்டுப்படுகிறது. எச்.ஐ.வி.யின் தொடக்கக் காய்ச்சல் வருவதாக இருந்தால், பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குப் பிறகே வரும். பலருக்கு வராமலும் போகும். தூக்கமின்மை, வியர்வை, வயிற்றுப்போக்கு, படபடப்பு எல்லாவற்றையும் பயமே கொண்டுவந்துவிடும். அறிகுறிகளை வைத்து எச்.ஐ.வி. இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. சொல்லக்கூடியது பரிசோதனை மட்டுமே.

பரிசோதனைக்கும் உரிய காலம் உண்டு. எதிர்ப்புரதத்தோடு வைரஸின் பி24 புரதத்தையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறை ஆய்வகச் சோதனை 45 நாட்களில் ஏறக்குறைய எல்லாத் தொற்றுகளையும் காட்டிவிடும். எதிர்ப்புரதத்தை மட்டும் தேடும் விரைவுச் சோதனைக்கு மூன்று மாதம் வரை ஆகலாம். பெப் எடுத்தவர்கள் பொதுவாக ஆறாம் வாரத்திலும் மூன்றாம் மாதத்திலும், மருத்துவர் சொன்னால் அதற்குப் பிறகும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அதுவரை எல்லா உறவிலும் ஆணுறை வேண்டும், ரத்த தானம் கூடாது.

உரிய காலத்தில் செய்த சோதனை ‘இல்லை’ என்று சொன்ன பிறகும் சிலருக்கு நம்பிக்கை வருவதில்லை. ஆய்வகம் மாற்றி ஆய்வகம் போய்க்கொண்டே இருப்பார்கள். அவர்களை அலைக்கழிப்பது வைரஸ் அல்ல. குற்ற உணர்வும் பதற்றமும்தான். அது கேலிக்குரியதும் அல்ல. மனநல மருத்துவரிடம் போனால் குணமாகக்கூடிய துன்பம் அது.

வெட்கம் தின்னும் மணி நேரங்கள்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், 1986இல். மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. அன்று கொடுப்பதற்கு ஒரு மருந்தும் இல்லை. அதே சென்னையும் பங்கெடுத்த பன்னாட்டு ஆய்வொன்று, எச்.ஐ.வி. உள்ளவர் கூட்டு மருந்தை முன்கூட்டியே தொடங்கினால் அவருடைய துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறையும் என்று 2011இல் காட்டியது. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவின் வழியாகத் தொற்று பரவாது என்று பின்வந்த ஆய்வுகள் உறுதிசெய்தன. ஆபத்து அடிக்கடி நேர்பவர்களுக்கு முன்கூட்டியே எடுக்கும் ‘பிரெப்’ மாத்திரை இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபாவிர் ஊசி, தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் பெற்ற 2,134 இளம்பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வராமல் காத்ததாக 2024இல் செய்தி வந்தது.

மருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நம் பேச்சு வரவில்லை. ‘புள்ளிராஜா’ விழிப்புணர்வு விளம்பரம் தமிழ்நாடு முழுக்க எய்ட்ஸ் என்ற சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் ‘நேற்றிரவு இப்படி நடந்துவிட்டது, இன்று நான் எங்கே போக வேண்டும்?’ என்று கேட்கும் தைரியத்தை நாம் ஒருவருக்கொருவர் இன்னும் கொடுக்கவில்லை. 72 மணி நேரத்தில் பெரும்பகுதியைத் தின்பது வெட்கமும், ‘என்ன நினைப்பார்களோ’ என்ற அச்சமும்தான். மருத்துவரும் செவிலியரும் மருந்துக்கடைக்காரரும் அந்த நேரத்தில் ஒழுக்கம் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருப்பதே பெரிய சிகிச்சை.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்தின்படி, ஒருவரின் சம்மதமின்றிப் பரிசோதிப்பதும் அவருடைய எச்.ஐ.வி. நிலையை வெளியே சொல்வதும் பொதுவாகத் தடைசெய்யப்பட்டவை. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்குத் தடுப்பு மருந்து தருவது சிகிச்சையின் ஒரு பகுதி. மற்றவர்கள் எச்.ஐ.வி. சிகிச்சை தரும் அரசு ஏ.ஆர்.டி. மையத்திலோ தொற்றுநோய் மருத்துவரிடமோ தயங்காமல் கேட்க வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள், கட்டணம் இல்லை. உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். உங்களை நம்பி ஒரு நண்பர் ஒருநாள் வாய் திறக்கும்போது அவரை எதுவும் விசாரிக்காதீர்கள். எத்தனை மணிக்கு நடந்தது என்று மட்டும் கேட்டுவிட்டு, உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.