நீரிழிவும் குண்டிக்காய் நோயும்: குடியானவர்கள் அறியத்தக்கவை

நீரிழிவு பட்டணவாசிகளின் வியாதி என்றும், மண்ணில் உழைப்பவரை அது அண்டாது என்றும் நம் கிராமங்களில் நெடுங்காலமாக ஓர் எண்ணம் இருந்து வருகிறது. இவ்வெண்ணம் இனிப் பொருந்தாது. 2011-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டு நகரங்களில் வயது வந்தோரில் நூற்றுக்கு 13.7 பேருக்கும், கிராமங்களில் 7.8 பேருக்கும் இந்நோய் இருந்தது. கவனியாது விடப்பட்ட நீரிழிவு குண்டிக்காய் எனப்படும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அது முற்றிலும் பழுதானால், பெரும்பாலும் வாரத்தில் இரண்டு மூன்று முறை இயந்திரத்தைக் கொண்டு இரத்தத்தைச் சுத்தி செய்ய நேரிடும். அதன் செலவும் வேலை இழப்பும் ஒரு குடும்பத்தின் நிலத்தையே விழுங்கிவிடக் கூடும்.

சென்னையில் கண்ட அனுபவம்

சென்னையில் 1996-ல் தொடங்கிய ஆராய்ச்சி ஒன்றில் இரண்டு குடியிருப்புகள் ஒப்பிடப்பட்டன. ஒன்று, எளியோர் வாழும் தியாகராய நகர்ப் பாரதி நகர். மற்றொன்று, நடுத்தர வகுப்பினர் வாழும் திருமங்கலம் ஏசியாட் காலனி. அப்போது பாரதி நகரில் நூற்றுக்கு 6.5 பேருக்கும், ஏசியாட் காலனியில் 12.4 பேருக்கும் நீரிழிவு காணப்பட்டது. பத்து ஆண்டுகளுக்குப் பின் பார்க்கையில், இந்த அளவு முறையே 15.3, 15.4 என ஏறத்தாழச் சமமாகிவிட்டது. வறுமை இந்நோய்க்குக் காப்பாகாது என்பது இதனால் விளங்கும்.

ஏசியாட் காலனியாரோ நோயைப் பற்றி எடுத்துச் சொல்லக் கேட்டபின், தாமே பணம் திரட்டி உலாவுவதற்கு ஒரு பூங்கா அமைத்தனர். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் தேகப்பயிற்சி செய்வோர் அங்கு முன்பு நூற்றுக்கு 14 பேரே இருந்தனர். சில ஆண்டுகளில் 59 பேராயினர்.

நடையின் பயன்

உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். டாக்டர் அ. இராமச்சந்திரனும் அவர் குழுவினரும், நீரிழிவின் வாயிற்படியில் நின்ற 531 பேரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்தி, 2006-ல் அதன் முடிவை வெளியிட்டனர். பொதுவான புத்திமதி மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுக்குள் நூற்றுக்கு 55 பேர் நோயாளியாயினர். தினம் அரைமணி நேரம் விரைந்து நடந்து, ஆகாரத்தையும் ஒழுங்கு செய்துகொண்டவர்களில் 39 பேரே அந்நிலையை அடைந்தனர்.

வயலில் உடல் வருந்தி உழைப்பவர் அவ்வுழைப்பைத் தொடர்ந்தால் போதும். வரப்பில் நின்று வேலை வாங்குவோரும், டிராக்டரிலும் மோட்டார் சைக்கிளிலும் பொழுதைக் கழிப்போரும் தனியே நடக்க வேண்டும். இன்சுலினோ மாத்திரையோ கொள்பவர்கள் வெறும் வயிற்றில் நெடுந்தூரம் நடத்தலாகாது. மடியில் சிறிது வெல்லம் வைத்திருத்தல் நலம். இவர்கள் செருப்பின்றி நடப்பதும் கூடாது; காலில் பட்ட சிறு புண்ணும் பெருங்கேட்டில் முடியலாம்.

மூலிகைகளும் அவற்றின் எல்லையும்

வெந்தயத்தின் நார்ப்பொருள், உணவிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதிக்கச் செய்கிறது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1990-ல் வெளியிட்ட ஆராய்ச்சியிலும் அதனால் சர்க்கரை குறைந்தது. ஆயின் அங்கே நாளொன்றுக்குக் கொடுத்த வெந்தயத்தூள் 100 கிராம். நாம் மோரில் இடும் ஒரு தேக்கரண்டி சுமார் 4 கிராமே. ஆகையால் வெந்தயமும் பாகற்காயும் நல்ல உணவு என்று கொள்க. அவற்றை நம்பி வைத்தியர் கொடுத்த மருந்தை நிறுத்தலாகாது.

சில பச்சிலைகள் குண்டிக்காய்க்கே நஞ்சாகும். கரிசல் வரப்புகளில் முளைக்கும் ஆடுதின்னாப்பாளையிலும், கருடக்கொடியிலும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்னும் விஷம் உண்டு. பெல்ஜியத்தில் உடல் மெலிய வேண்டி இவ்வினத்துச் சீன மூலிகையை உண்ட பெண்கள் பலர் குண்டிக்காய் கெட்டு அவதியுற்ற செய்தி 1993-ல் வெளியாயிற்று. கேரளத்தில் பிலிம்பிக்காயின் சாற்றைக் கெட்டியாகப் பருகிய பத்துப் பேருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலற்றுப்போனது 2013-ல் பதிவாகியுள்ளது. குண்டிக்காய் ஏற்கெனவே பழுதுற்றவருக்கு இளநீரும் வாழைத்தண்டுச் சாறுங்கூடத் தீங்காகலாம். அவற்றிலுள்ள பொட்டாசியத்தை வெளியேற்ற இயலாமல் இருதயம் நின்றுவிடக் கூடும். உடல்வலிக்குக் கடையில் வாங்கி அடிக்கடி விழுங்கும் மாத்திரைகளும் குண்டிக்காய்க்குப் பகையே.

முன்னரே கண்டறிதல்

குண்டிக்காய் நோய் தொடக்கத்தில் வலி தராது. பழுதுற்ற மதகில் நீர் கசிவதுபோல, அல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் கசியும். பரிசோதித்தாலன்றி இது தெரியாது. சென்னையைச் சேர்ந்த கிட்னி ஹெல்ப் டிரஸ்டின் சார்பில் டாக்டர் எம். கே. மணி, அருகிலுள்ள கிராமங்களில் சுமார் 25,000 மக்களிடையே ஓர் ஏற்பாடு செய்தார். உள்ளூர்ப் பெண்களே பயிற்சி பெற்று வீடுதோறும் சென்று சிறுநீரையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதித்தனர். நோய் கண்டவர்களுக்கு விலை மலிந்த மருந்துகளே கொடுக்கப்பட்டன. அவற்றாலேயே பெரும்பாலோருக்கு இரத்த அழுத்தம் அடங்கியது.

செய்யவேண்டியவை

1. முப்பது வயது கடந்தோர் ஆண்டுக்கொருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இவற்றுள் ஏதேனும் ஒன்று மிகுந்திருப்பின், சிறுநீரில் அல்புமின் உண்டா என்றும் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. கோடையில் வயல்வேலை செய்வோருக்கு நிழலும் குடிநீரும் ஓய்வும் அளிப்பது நிலமுடையோர் கடமை. உடலில் நீர் வற்றினால் குண்டிக்காய் வருந்தும்.

3. மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் 2021-ல் தொடங்கப்பெற்றது. அதன் ஊழியர்கள் ஊருக்கு வரும் நாளைக் கிராம அதிகாரிகள் முன்கூட்டியே அறிவித்தால், வேலைக்குப் போகும் ஏழைகளும் தவறாது பயன்பெறுவர்.

4. ஏரிக்கரையிலோ பள்ளி மைதானத்திலோ முள்ளகற்றி நடைபாதை அமைக்க அதிக செலவில்லை. ஏசியாட் காலனியார் செய்ததை எந்த ஊராரும் செய்யலாம்.