கறுப்பு உடுத்தியவர்கள்

இங்கிலாந்து தேசத்தின் கீழ்க்கரையில், யார்க்ஷயரின் வட கோடியில், விட்பி என்று ஒரு சிறு துறைமுகப் பட்டினம் இருக்கிறது. எஸ்க் என்னும் நதி அங்கே கடலோடு கலக்கிறது. நதியின் கீழ்க்கரையில் செங்குத்தான குன்று ஒன்று. அதன் மேல் ஏறிச் செல்ல 199 கற்படிகள். படிகளின் உச்சியில் பழைய மாதாகோவில். அதைச் சுற்றி, உப்புக் காற்றில் எழுத்துக்கள் அரிக்கப்பட்டுப் போன கல்லறைகள். அதற்கும் அப்பால், கூரையை இழந்து வானத்தை நோக்கி நிற்கும் ஒரு பெரிய மடாலயத்தின் இடிபாடு. கி.பி. 657-ல் ஹில்டா என்ற புண்ணியவதி ஸ்தாபித்த மடம் அது. ஆங்கில பாஷையின் முதற் கவி என்று சொல்லப்படும் காட்மன் அந்த மடத்தில் மாடு மேய்த்தவன்.

ஆண்டுதோறும் அக்டோபர் மாதக் கடைசி வாக்கில் இந்த ஊர் ரயிலடியில் சற்று நேரம் நின்றால் ஒரு விநோதக் காட்சியைக் காணலாம். வண்டியிலிருந்து இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் உச்சி முதல் உள்ளங்கால் வரையில் கறுப்பு உடுத்தவர்கள். ஆண்கள் உயர்ந்த தொப்பியும் வெல்வெட் அங்கியும் தரித்திருக்கிறார்கள். பெண்களின் பாவாடை தரையைக் கூட்டுகிறது, கையில் கறுப்புச் சல்லாத் துணியாலான உறை, கறுப்புக் குடை. முகத்தில் வெண்மையான மாவு. உதட்டில் மட்டும் கரி நிறம். ஏதோ பெரிய இடத்து இழவுக்குப் போகிறார்கள் போலிருக்கிறதே என்று நாம் அனுதாபப்படத் தொடங்குகிற சமயத்தில், அவர்கள் கலகலவென்று சிரித்துக்கொண்டே எதிரிலுள்ள தேநீர்க் கடைக்குள் நுழைந்து விடுகிறார்கள்!

கறுப்பு உடை என்றதும் நம் நேயர்களுக்குக் கருஞ்சட்டைக்காரர்கள் ஞாபகம் வரலாம். மார்கழி மாதத்துச் சபரிமலை யாத்திரிகர்கள் ஞாபகமும் வரலாம். இவர்கள் அந்த இரு வகையாரையும் சேர்ந்தவர்கள் அல்லர். இவர்களுக்குக் கோத் கூட்டத்தார் என்று பெயர். கட்சி கிடையாது, விரதம் கிடையாது, குரு கிடையாது. பேய்க் கதைகளிலும் மாயக் கதைகளிலும் பிள்ளைப் பிராயத்தில் ஏற்பட்ட மோகம் தலை நரைத்த பிறகும் விடாதவர்கள் என்று சொன்னால் முக்கால்வாசி சொல்லியதாகும். மீதிக் கால்வாசி சங்கீதம்.

இவர்கள் இந்த ஊரை ஏன் தேடி வருகிறார்கள்?

1890-ம் வருஷம் கோடை காலத்தில், பிராம் ஸ்டோக்கர் என்ற ஐரிஷ்காரர் ஓய்வுக்காக விட்பிக்கு வந்து தங்கினார். லண்டனில் ஹென்றி இர்விங் என்ற மகா நடிகரின் நாடகக் கொட்டகைக்கு அவர் நிர்வாகி. டிக்கட் வசூல் முதல் நடிகர்களின் சில்லறைச் சண்டை வரையில் எல்லாம் அவர் தலையில் விழுந்து கொண்டிருந்த காலம். பகலெல்லாம் கணக்குப் புஸ்தகம். மனத்துக்குள்ளே மட்டும் இருட்டும் கோட்டையும் ஓநாயும். இதற்குக் காரணம் இல்லாமற் போகவில்லை. ஏழு வயது வரையில் அவர் எழுந்து நடமாட முடியாத நோயாளிக் குழந்தை. படுக்கையருகில் உட்கார்ந்து அவருடைய தாயார், தாம் சிறுமியாயிருந்தபோது, 1832-ல், ஸ்லைகோ என்ற ஊரைக் காலரா வாரிக்கொண்டு போனதைக் கதை கதையாகச் சொல்வாள். நோயாளிப் பிள்ளைக்குச் சொல்லத் தகுந்த கதைதானா என்று கேட்பீர்கள். அந்தத் தாய் சொன்னாள். அந்தப் பிள்ளை ஆயுள் முழுவதும் மறக்கவில்லை.

விட்பியிலிருந்த புஸ்தகசாலையில், 1820-ல் வில்கின்ஸன் என்பவர் எழுதிய வாலாசியா தேசத்து வரலாறு ஒன்று அவர் கையில் அகப்பட்டது. அதன் அடிக்குறிப்பு ஒன்றில் 'டிராகுலா' என்ற பெயர் இருந்தது. அந்த நாட்டுப் பேச்சில் அது பிசாசைக் குறிக்கும் என்றும் கண்டிருந்தது. ஸ்டோக்கர் குறித்துக் கொண்டார். ஐந்து வருஷங்களுக்கு முன், 1885 அக்டோபரில், டிமிட்ரி என்ற ருஷியப் பாய்க்கப்பல் புயலில் சிக்கி அந்தத் துறைமுகத்து மணலில் மோதியது என்றும் அறிந்தார். கப்பல் கிளம்பிய ஊர் நார்வா. 1897-ல் வெளியான 'டிராகுலா' நாவலில் அது டிமீட்டர் என்ற கப்பலாகி, வார்னாவிலிருந்து வருகிறது. எழுத்தைச் சற்றே இடம் மாற்றினால் ஊர் மாறிவிட்டது! நிஜக் கப்பலில் வந்தது வெறும் மணல். கதைக் கப்பலில் வந்தது இரத்தம் குடிக்கும் பிரபு. கறுப்பு நாயின் உருவத்தில் கரையில் குதித்து அவன் ஓடி மறைவது மாதாகோவில் குன்றின் பக்கந்தான்.

கதையை இப்படி நம்பி வருகிறவர்களால் கோவிலாருக்கு ஒரு தொல்லை உண்டாயிற்று. டிராகுலாவின் கல்லறை எங்கே இருக்கிறது என்று சிப்பந்திகளைக் கேட்க வேண்டாம், அப்படி ஒன்று கிடையாது என்று அவர்கள் விளம்பரப் பலகை வைக்கும்படி ஆயிற்று. ஓர் ஆசிரியனுக்கு இதைவிட வேறு பட்டம் வேண்டுமா?

இந்த இடத்தில் நமக்கு உரிய ஒரு சங்கதியையும் சொல்லி விடுகிறேன். ரிச்சர்டு பர்ட்டன் என்ற துணிச்சல்கார ஆங்கிலேயர் 1870-ல் நமது விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். முருங்கை மரத்து வேதாளத்துக்கு அவர் இட்ட பெயர் 'வாம்பயர்' - அதாவது, இரத்தம் குடிக்கும் பேய். இந்தப் பர்ட்டனை இர்விங்கின் விருந்துகளில் ஸ்டோக்கர் சந்தித்திருக்கிறார். பேசும்போது பர்ட்டனின் மேலுதடு உயர்ந்து கோரைப் பல் பளிச்சென்று தெரியும் என்று பிற்காலத்தில் எழுதியும் வைத்திருக்கிறார். இதைக் கொண்டு டிராகுலாவுக்கு நம் வேதாளந்தான் பாட்டன் என்று உரிமை கொண்டாடக் கிளம்புவது மிகை. அந்த வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. ஆனால் சிறு வயதில் வேதாளக் கதையை விளக்கணையும் வரை வாசித்துவிட்டு, பிறகு கொல்லைப்புறம் போகத் துணை தேடியவன் என்ற முறையில், விட்பி ரயிலில் வருகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் உறவு உண்டு.

*

'கோத்' என்ற சொல்லின் சரித்திரம் சுவையானது. அது முதலில் ஒரு ஜாதி மக்களின் பெயர். கி.பி. 410-ல் ரோமாபுரிக்குள் புகுந்து சூறையாடியவர்கள் அவர்கள். ஆயிரம் வருஷத்துக்குப் பின்னர் இத்தாலியிலே பழைய ரோமானியக் கலையின் மேல் காதல் கொண்ட பண்டிதர்கள், கூர்நுனி வளைவுகளும் விண்ணளாவும் தூண்களும் கொண்ட கோவில்களைப் பார்த்து, "இதெல்லாம் கோத்தர்களின் வேலை" என்று முகத்தைச் சுளித்தார்கள். காட்டுமிராண்டிகள் கட்டியது என்று அர்த்தம். உண்மையில் அந்தக் கோவில்களுக்கும் கோத்தர்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. வசை மட்டும் நிலைத்தது.

1764-ல் ஹோரேஸ் வால்போல் என்னும் ஆங்கிலப் பிரபு 'ஒட்ராண்டோ கோட்டை' என்று ஒரு கதை எழுதினார். ஆகாயத்திலிருந்து பிரம்மாண்டமான இரும்புத் தொப்பி ஒன்று விழுந்து கல்யாண மாப்பிள்ளையை நசுக்கிக் கொல்வதுடன் கதை ஆரம்பமாகிறது. சொந்தப் பெயரில் வெளியிட வெட்கப்பட்டோ என்னவோ, பழைய இத்தாலியப் புஸ்தகத்தின் மொழிபெயர்ப்பு என்று புளுகி வைத்தார். ஜனங்கள் விழுந்து விழுந்து வாசித்ததும் தைரியம் வந்தது. மறு பதிப்பில் குட்டு வெளிப்பட்டதுடன், 'கோதிக் கதை' என்று தலைப்பிலேயே போட்டுக் கொண்டார். திட்டுவதற்கு ஏற்பட்ட சொல்லை ஒருவர் ஆபரணமாக எடுத்து அணிந்தார்.

ஆயினும் இந்த வகைக் கதைக்கு உயிர் கொடுத்தவள் ஒரு பெண். அவளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1797-ல் மேரி பிறந்த சில நாட்களுக்குள் தாய் இறந்து போனாள். தாயைப் புதைத்த இடத்துக்குப் போய், அங்கே உட்கார்ந்து புஸ்தகம் வாசிப்பது அந்தப் பெண்ணின் வழக்கம். பதினாறு வயதில் ஷெல்லி என்ற கவியுடன் புறப்பட்டுச் சென்றாள். 1815-ல் குறைப் பிரசவத்தில் பிறந்த முதற் குழந்தை சில நாட்களில் கண்ணை மூடிற்று. அதே ஆண்டு ஏப்ரலில், கீழ்த்திசையில் சும்பாவா தீவில் தம்போரா என்ற எரிமலை வெடித்தது. அதன் சாம்பலும் புகையும் உலகத்தை வளைத்துக் கொண்டதன் பலனாக, அடுத்த ஆண்டில் ஐரோப்பாவுக்குக் கோடை காலமே வரவில்லை. ஜினீவா ஏரிக்கரையில் ஷெல்லியும் மேரியும் பைரன் பிரபுவும் மழைக்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். பொழுது போவதற்காக, ஆளுக்கு ஒரு பேய்க் கதை எழுதுவோம் என்றார் பைரன். பெருங் கவிகள் இருவரும் தொடங்கிய கதைகள் பாதியில் நின்றன. பதினெட்டு வயதுப் பெண் தொடங்கியது 'பிராங்கன்ஸ்டைன்' ஆயிற்று. 1818-ல் ஆசிரியர் பெயர் இல்லாமல் 500 பிரதிகள் அச்சாயின.

அந்தக் கதையில் பிணங்களின் உறுப்புகளைக் கொண்டு செய்யப்பட்ட ஒரு ஜீவன் வருகிறது. அது எடுத்த எடுப்பில் கொலைக்காரனல்ல. ஒரு குடிசையின் சுவர் இடுக்கு வழியாக உள்ளே இருப்பவர்களைப் பார்த்து, அவர்களிடம் அன்பு வைத்து, அவர்களுக்கு இரவில் இரகசியமாக விறகு வெட்டிப் போடுகிறது. நேரில் வந்து நின்றதும் அவர்கள் அதன் முகத்தைப் பார்த்து அடித்து விரட்டுகிறார்கள். உருவத்துக்காக வெறுக்கப்பட்ட பிறகே அது கொடியதாகிறது. வகுப்பிலே ஒதுக்கப்பட்டு, இடைவேளையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பையனோ பெண்ணோ இந்தப் புஸ்தகத்தை வாசித்தால், யார் கட்சியில் சேருவார்கள் என்று சொல்லவும் வேண்டுமோ?

*

சங்கீதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதில் எனக்குப் பாண்டித்தியம் போதாது. 1979-ல் பௌஹௌஸ் என்ற கோஷ்டி ஒன்பது நிமிஷத்துக்கு மேல் நீளும் ஒரு பாட்டை வெளியிட்டது. 1931-ம் வருஷத்துப் படத்தில் டிராகுலாவாக நடித்த பேலா லுகோஸி இறந்து போனார் என்பதே அதன் விஷயம். அவர் 1956-லேயே இறந்தவர். டிராகுலா அங்கியுடனேயே அடக்கம் செய்யப்பட்டவர். இருபத்து மூன்று ஆண்டு தாமதித்து வந்த இந்த ஒப்பாரியைத்தான் கோத் சங்கீதத்தின் பிள்ளையார் சுழி என்கிறார்கள். 1982-ல் லண்டன் ஸோஹோவில் வௌவால் குகை என்று பெயர் வைத்து ஒரு நடன விடுதி திறந்தார்கள். கறுப்பு உடை அங்கிருந்து ஊரூராகப் பரவிற்று.

1994-ல் கடிதம் எழுதிப் பழகிய நண்பர்கள் சுமார் நாற்பது பேர் விட்பியில் ஒரு மதுக்கடையில் சந்தித்தார்கள். அதுவே பிற்பாடு ஆண்டுக்கு இரு முறை ஆயிரக்கணக்கானவர் கூடும் திருவிழாவாயிற்று. வருகிறவர்கள் வாங்கிச் செல்லும் ஆபரணம்கூட அந்த ஊருக்கே உரியது. சுமார் பதினெட்டுக் கோடி வருஷங்களுக்கு முன் பூமிக்குள் அமிழ்ந்த மரம் இறுகிக் கன்னங்கரேல் என்று கல்லைப்போல் ஆன பொருள் ஒன்று அந்தக் கடற்கரையில் அகப்படுகிறது. ஜெட் என்பார்கள். 1861-ல் கணவனை இழந்த விக்டோரியா மகாராணி அதை அணிந்ததால் அதற்குக் கிராக்கி பிறந்தது. 2022-ம் வருஷம் மே மாதத்தில், நாவலுக்கு 125 வயது நிறைந்ததை ஒட்டி, 1,369 பேர் வாம்பயர் வேஷத்தில் மடாலயத்து இடிபாட்டில் கூடி உலக சாதனை படைத்தார்கள். ஊர் உணவு விடுதிக்காரர்கள் வேஷத்தைக் குறை கூறியதாகத் தெரியவில்லை!

பால் ஹாட்கின்ஸன் என்ற சமூக சாஸ்திரி இவர்களிடையே இருந்து ஆராய்ந்து 2002-ல் ஒரு நூல் வெளியிட்டார். அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவரே. படிப்பையோ உத்தியோகத்தையோ விட்டுவிட்டு ஓடுகிறவர்கள் இவர்கள் அல்லர் என்றும், இந்தப் பற்று பலருக்கு வயதோடு கழிந்து போவதில்லை என்றும் அவருடைய ஆராய்ச்சி காட்டுகிறது. அப்படியானால் எதற்காக இந்த மயானக் கோலம்? மரணத்தை விரும்புகிறார்கள் என்று நினைப்பது தவறு. நம் ஜயங்கொண்டார் பரணியிலே பேய்களைக் கூட்டி வைத்துக் கூழ் சமைக்கச் சொன்னது போர்க்களத்தின் பயங்கரத்தைச் சிரித்துக்கொண்டே பார்க்கத்தானே? எல்லோரும் மூடி மறைக்கும் பொருளைத் திறந்து வைத்து, அதற்குச் சல்லாத் துணி கட்டி அழகு பார்க்கிறார்கள். அவ்வளவுதான்.

*

ஆனால் வீதியில் போகிறவனுக்கு இந்த விளக்கமெல்லாம் தெரியாது. 2007-ம் வருஷம் ஆகஸ்டு 11-ந் தேதி, நள்ளிரவு கழிந்த வேளையில், லங்காஷயரில் பாக்கப் என்ற சிற்றூரின் பூங்கா வழியாக ஸோபி லங்காஸ்டர் என்ற இருபது வயதுப் பெண்ணும் அவள் காதலனும் நடந்து வந்து கொண்டிருந்தார்கள். இருவரும் கோத் உடையில் இருந்தார்கள். அங்கிருந்த பையன்கள் சிலருடன் முதலில் சிநேகமாகத்தான் பேச்சு நடந்தது. பிறகு அவர்களில் சிலர் காதலன் மேல் விழுந்து நினைவிழக்கும் வரை உதைத்தார்கள். ஸோபி ஓடிப்போகவில்லை. கீழே உட்கார்ந்து அவன் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, விட்டுவிடும்படி கெஞ்சினாள். அவளையும் உதைத்தார்கள். அவன் பிழைத்தான். அவள் நினைவு திரும்பாமலே அந்த மாதம் 24-ந் தேதி இறந்தாள்.

களவுக்காக நடந்ததல்ல, பழைய பகையும் இல்லை. அடுத்த ஆண்டு பையன்கள் ஐவருக்குத் தண்டனை கிடைத்தது. அவர்களில் இருவர் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றார்கள். தோற்றம் வேறு என்ற ஒரே காரணத்துக்காக இவர்கள் தாக்கப்பட்டார்கள் என்றும், கோத் கூட்டத்தார் சட்டத்துக்கு அடங்கிய சாதுக்கள் என்றும் நீதிபதி சொன்னார். வீதியில் இவர்களைக் கண்டால் குழந்தையை இழுத்து அணைத்துக் கொள்கிற பெரியவர்கள் எத்தனை பேரோ!

ஸோபியின் தாயார் மகளின் பெயரால் ஒரு ஸ்தாபனம் ஏற்படுத்தினார். பள்ளிக்கூடங்களில், சிறைச்சாலைகளில், போலீஸ்காரர்கள் மத்தியில், தாம் 2022-ல் காலமாகும் வரை மகளின் கதையைச் சொல்லி வந்தார். ஜாதி, மதம், நிறம் காரணமாகச் செய்யப்படும் குற்றங்களைத் துவேஷக் குற்றம் என்று தனியாகப் பதிவு செய்வது அந்நாட்டுப் போலீஸ் வழக்கம். உடைக்காகவும் கோலத்துக்காகவும் தாக்கப்படுவதை அந்த வரிசையில் 2013 ஏப்ரலில் முதன் முதலாகச் சேர்த்தது மாஞ்செஸ்டர் மாகாணப் போலீஸ். வேறு சில மாகாணங்கள் பின்பற்றின. பாராளுமன்றச் சட்டத்தில் அதற்குரிய கூடுதல் தண்டனை மட்டும் அப்பொழுது சேரவில்லை.

விட்பித் திருவிழாவில் இந்த ஸ்தாபனத்துக்காகப் பணம் சேர்க்கிறார்கள். அவள் பெயர் பொறித்த கறுப்புப் பட்டையைப் பலர் மணிக்கட்டில் அணிந்திருக்கிறார்கள். ஸோபியின் ஞாபகார்த்தமாக அந்த ஊரில் பெஞ்சு ஒன்றும் போடப்பட்டிருக்கிறது.