பேசப்படாத தொற்று

ஃபிக்ஹு நூல்கள் தஹாரத் என்னும் தூய்மைப் பாடத்திலிருந்தே தொடங்குகின்றன. மாதவிடாய், கடமையான குளிப்பு முதலியவற்றைப் பதின்ம வயது மாணவருக்கு நாம் கூச்சமின்றிக் கற்பிக்கின்றோம். ஆயினும் பால்வினை நோய் என்றதும் நமது நா ஒடுங்கிவிடுகின்றது.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020ஆம் ஆண்டில் மட்டும் கிளமிடியா, வெட்டை, சிபிலிஸ், டிரைகோமோனியாசிஸ் ஆகிய நான்கு நோய்களால் 15 முதல் 49 வயது வரையுள்ளோரிடையே ஏற்பட்ட புதிய தொற்றுகள் சுமார் 37 கோடியே 40 இலட்சம். நான்குமே மருந்தினால் குணமாகக் கூடியவை.

இவற்றுள் கிளமிடியா இளவயதினரிடையே மிகுதியாகக் காணப்படுவது. தொற்றுக்குள்ளான பெண்களில் பெரும்பாலோருக்கு வலியோ வேறு அறிகுறியோ தோன்றுவதில்லை. கிருமியோ கருப்பையைக் கடந்து கருக்குழாய்வரை ஏறி, அங்கே தழும்பை உண்டாக்கி அடைத்துவிடக் கூடும். மணமாகிப் பல்லாண்டுகள் கழித்து, குழந்தையில்லை என்று மருத்துவரை நாடும்போதே சிலருக்கு அது தெரியவருகின்றது. அப்பொழுதும் பழி அவள்மீதே விழும். தொற்று கணவனிடமிருந்து வந்திருக்கலாம் என்பதை எண்ணுவார் அரியர்.

நம் நாட்டு அரசு மையங்களில் அறிகுறி கண்டு மருந்து வழங்கும் முறையே பெரிதும் வழக்கிலுள்ளது. செலவு குறைந்த நல்ல முறைதான். எனினும் அறிகுறியற்றவர் அதில் அகப்படார். சிறுநீரையோ பெண்ணுறுப்புச் சுரப்பையோ சோதித்தால் தொற்று புலப்படும். ஒரு வாரம் டாக்சிசைக்ளின் உட்கொண்டால் கிருமி ஒழியும். கருவுற்றோருக்கு வேறு மருந்து உண்டு. ஆனால் ஏற்கெனவே விழுந்த தழும்பை எம்மருந்தும் நீக்காது.

இணையரும் உடன் சிகிச்சை பெறாவிடில் தொற்று மீண்டும் திரும்பும். மாத்திரையை விழுங்குவது எளிது. வீட்டில் இருப்பவரிடம் "நீயும் சோதித்துக்கொள்" என்று சொல்வதில்தான் பலர் தடுமாறுகின்றனர்.